விரும்பி ஏற்கும் துன்பம்

துன்பம் இருவகைப்படும். நாம் அழையாமலே வந்து சேர்வது ஒன்று. நாமே தேடிச் சென்று ஏற்பது மற்றொன்று. நோயும் வறுமையும் பிரிவும் முதல் வகையைச் சேர்ந்தவை. நோன்பும் நெடுநடையும் மலையேற்றமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதல் வகைத் துன்பத்தில் உழல்பவனைக் கண்டு உலகம் இரங்குகிறது. இரண்டாம் வகைத் துன்பத்தை ஏற்பவனைக் கண்டு வியக்கிறது. இருவர் உடம்பிலும் வழிவது ஒரே வியர்வைதான். ஆயினும் ஒருவனுக்கு இரக்கமும் மற்றவனுக்குப் பாராட்டும் கிடைக்கின்றன. இவ்வேறுபாடு நம் சிந்தனைக்கு உரியது.

முற்காலத்தில் துன்பத்தைத் தேடிச் சென்றவர்கள் துறவிகளும் திருத்தல யாத்திரிகர்களுமே ஆவர். இக்காலத்தில் அவர்களோடு ஒரு புதிய கூட்டமும் சேர்ந்துள்ளது. ஆண்டு முழுவதும் அலுவலகத்திலோ பள்ளியிலோ பணியாற்றி, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, விடுமுறை வந்ததும் கடல் கடந்து சென்று, ஏதேனும் ஓர் உயர்ந்த மலையில் ஏறித் தம் உடலை வருத்திக்கொள்ளும் பயணிகளின் கூட்டம் அது. அவ்வருத்தத்தால் அவர்கள் அடைவது என்ன? உடல் வருந்தினால் உள்ளம் உயருமா? விரும்பி ஏற்ற துன்பத்திற்கு அறத்தின் பார்வையில் மதிப்பு உண்டா? இவ்வினாக்களை ஒரு மலையை முன்னிறுத்தி ஆராய்வோம்.

அந்த மலை கினபாலு. போர்னியோத் தீவின் வடபகுதியில், சபா மாநிலத்தில், 4,095 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் கருங்கல் மலை அது. சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டர் உயரமே உடையது. அத்தகைய சமநிலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு, விமானத்தில் சில மணி நேரத் தொலைவில் இருக்கும் கினபாலு பெரியதோர் அழைப்பாக விளங்குவதில் வியப்பில்லை. 1964ஆம் ஆண்டில் இம்மலையும் இதனைச் சூழ்ந்த காடும் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அப்பூங்கா உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. வழிகாட்டி ஒருவர் உடன் வராமல் இம்மலையில் ஏற எவருக்கும் இசைவில்லை.

ஏற்றம் 1,866 மீட்டர் உயரத்திலுள்ள தீம்போஹோன் வாயிலில் தொடங்குகிறது. அங்கிருந்து பானாலாபான் என்னும் தங்குமிடம் ஆறு கிலோமீட்டர் தொலைவு. சமநிலத்தில் ஆறு கிலோமீட்டர் ஒரு காலை நடைதான். இங்கோ அந்த ஆறு கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டர் மேலே ஏற வேண்டும். வேர்களும் பாறைகளும் மரச்சட்டங்களும் படிகளாக அமைந்த பாதை அது. முதலில் உயர்ந்த மரங்கள் நிழல் தருகின்றன. பின்னர்ப் பாசி போர்த்திய குறுமரங்களும், பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகளும் எதிர்ப்படுகின்றன. மேலே செல்லச் செல்ல மரங்கள் குள்ளமாகி, முறுக்கேறி, இறுதியில் மறைந்தே போகின்றன.

மறுநாளே உண்மையான சோதனை நாள். பயணியின் அன்றைய பொழுது நள்ளிரவு கடந்த சிறிது நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நெற்றியில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சத்தில் முன்னே செல்பவரின் காலடியைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. சிறிது தொலைவில் மண் முடிந்து வெறும் கருங்கல் தொடங்குகிறது. பாறையில் பொருத்தியுள்ள கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டிய இடங்களும் உண்டு. சாயாட்-சாயாட் என்னும் சோதனைச் சாவடிக்குக் குறித்த நேரத்திற்குள் வந்து சேராதவர் அதற்குமேல் செல்ல இயலாது. உச்சியை நெருங்கும்போது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். பத்து அடி வைத்ததும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. காற்றின் குளிர் கையுறையையும் ஊடுருவுகிறது. பானாலாபானிலிருந்து உச்சி வரையுள்ள தொலைவு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் அதைக் கடக்கும் நேரம் ஓர் ஊழி போல் நீள்கிறது.

பின்னர்க் கிழக்கு வெளுக்கிறது. காலடியில் மேகக் கடல் பரந்து கிடக்கிறது. உச்சியில் சிறிது நேரம் நிற்கிறான் பயணி. அதன்பின் அதே நாளில், 4,095 மீட்டரிலிருந்து 1,866 மீட்டர் வரையிலும் அவன் இறங்கியாக வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வருந்தியது. இறக்கத்தில் முழங்கால் வருந்துகிறது. மாலையில் வாயிலை வந்தடையும்போது படிகளைக் கண்டாலே அச்சம் தோன்றுகிறது. ஆயினும் அவன் முகத்தில் சோர்வை மீறிய ஒரு நிறைவு ஒளிர்கிறது. அந்த நிறைவு பொய்யன்று. தன் உடலின் எல்லையென்று தான் எண்ணியிருந்த கோடு உண்மையான எல்லையன்று என்பதை அவன் அன்று கண்டுகொண்டான். அதைக் கற்பிக்க வேறு பள்ளி இல்லை.

இதுவரை நாம் பயணியை மட்டுமே பார்த்தோம். அதே பாதையில், அதே நாளில், வேறு சிலரும் ஏறுகின்றனர். பானாலாபானில் பயணி பருகும் தேநீருக்கு வேண்டிய சர்க்கரையும், அவன் உண்ணும் சோற்றுக்குரிய அரிசியும், அதனைச் சமைக்கும் எரிவாயுக் கலனும் தாமாக மலையேறி வந்தவை அல்ல. மலையடிவாரத்துச் சிற்றூர்களில் வாழும் டூசுன் மக்கள் அவற்றை முதுகில் சுமந்து வந்து சேர்க்கின்றனர். பயணிகளின் பைகளையும் அவர்களே சுமக்கின்றனர். கூலி கிலோ கணக்கில் அமைகிறது. சுமப்போரில் பெண்களும் உண்டு. கையில் தண்ணீர்ப் புட்டியை மட்டும் ஏந்திப் படியோரத்தில் நின்று மூச்சு வாங்கும் பயணியைத் தாண்டி, ஒரு மூட்டையைச் சுமந்த பெண்மணி சீரான நடையில் மேலே செல்கிறார். பயணி ஒதுங்கி வழிவிடுகிறான். அவ்வளவில் அவர் மேகத்துள் மறைந்து விடுகிறார்.

இருவரும் ஏறியது ஒரே மலை; மிதித்தவை ஒரே படிகள். பயணி தன் ஊருக்குத் திரும்பியதும் அவன் ஏறியது சாதனை எனப் பேசப்படுகிறது. அப்பெண்மணி ஏறியதோ வேலை எனப்படுகிறது. அவன் தன் வாழ்நாளில் ஒருமுறை ஏறினான். அவர் அந்த மாதத்திலேயே எத்தனை முறை ஏறினாரோ! அவனுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அவருக்குக் கூலி கிடைக்கிறது. அவன் துன்பத்தை வாங்க வெள்ளி கொடுத்தான். அவர் அதே துன்பத்தை விற்று வெள்ளி பெற்றார். இவ்விருவரில் துணிவுடையவர் யார், உறுதியுடையவர் யார் என்று ஒரு மாணவன் வினவினால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

இருவருக்கும் உள்ள வேறுபாடு உடலில் இல்லை, விருப்பத்தில் இருக்கிறது. பயணிக்கு வேண்டாம் என்னும் உரிமை எப்போதும் உண்டு. கால் வலித்தால் அவன் திரும்பிவிடலாம். அதனால் அவன் வீட்டு அடுப்பு அணையப் போவதில்லை. விட்டுவிடும் உரிமை இருந்தும் விடாமல் தொடர்வதே அவன் பெருமை. சுமப்பவர் பாதியில் நிறுத்தினால் அன்றைய கூலி நின்றுவிடும். விட்டுவிட முடியாத நிலையில் முகம் சுளிக்காமல் தொடர்வது அவர் பெருமை. முதல் பெருமையை மட்டும் கண்டு வியந்து, இரண்டாவதைக் காணாமல் கடந்து போகும் பழக்கம் நம்மிடம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

இங்கே ஒரு சாரார் குறுக்கிட்டு உரைப்பர்: “அப்படியானால் பயணியின் மலையேற்றம் வெறும் விளையாட்டே. வயிறு நிறைந்தவன் பசியை நடித்துப் பார்ப்பது போன்றது அது. உண்மையான துன்பத்தில் உழல்வோர் நடுவே சென்று, துன்பத்தை வேடிக்கையாக ஏற்பது அறமாகுமா?” இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. நோன்பிருப்பவன் பசியால் வாடும் ஏழை ஆகிவிடுவதில்லை. மாலையில் தனக்கு உணவு உண்டு என்பதை அவன் அறிவான். ஆயினும் பசி என்பது என்ன என்று அவன் வயிறு ஒரு நாளேனும் கற்றுக்கொள்கிறது. அவ்வறிவு நூலைப் படித்துப் பெற இயலாதது. மலையேறியவனின் தோளும் முழங்காலும் அவ்வாறே ஒன்றைக் கற்கின்றன. பத்துக் கிலோ எடையுடன் நூறு படி ஏறுவது எத்தகையது என்பதை அவை இனி மறவா. ஆகவே அவன் ஏற்ற துன்பம் வீண் அன்று. அது ஓர் அறிவின் தொடக்கம். தொடக்கத்தையே முடிவாகக் கொள்வதுதான் பிழை.

மற்றொரு சாரார் வேறு விதமாக உரைப்பர்: “சுமப்பவருக்குத்தான் கூலி கொடுத்துவிட்டோமே! பயணிகள் வராவிட்டால் அவருக்கு அந்த வருவாயும் இராதே! கணக்கு நேராகிவிட்டது, இதில் அறம் எங்கே வந்தது?” கூலி கொடுப்பது கடமை, அதுவும் குறையாமல் கொடுப்பது கடமை. பயணிகளின் வருகையால் அச்சிற்றூர்களில் பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதும் மெய். ஆனால் கூலி என்பது சுமைக்கு உரிய விலை. அதனால் சுமந்தவரைக் காணாதிருக்கும் உரிமையை நாம் விலைக்கு வாங்கிவிட முடியாது. மருத்துவருக்குக் கட்டணம் செலுத்திய பிறகும் நன்றியுணர்வு எஞ்சி நிற்கிறது அன்றோ? பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் சம்பளம் பெற்றவர்தாம் என்பதால், அவரை மறப்பது முறையென்று எவரும் சொல்வதில்லை. முதுகில் சுமந்தவர்பால் மட்டும் அந்நன்றி ஏன் மறுக்கப்பட வேண்டும்?

காணாதிருத்தல் இன்று தோன்றிய குறை அன்று. கினபாலுவின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 1851ஆம் ஆண்டில் லாபுவானிலிருந்து ஹியூ லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையில் ஏறினார். கியாவ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த லெமாயிங் என்பவர் அவருக்கு வழிகாட்டினார். அப்பயணத்தில் லோ மலையின் மிக உயர்ந்த முனையை அடையவில்லை. 1888ஆம் ஆண்டில்தான் ஜான் வைட்ஹெட் என்னும் இயற்கை ஆய்வாளர் அதனை அடைந்தார் என வரலாறு குறிக்கிறது. ஆயினும் அவ்வுச்சி இன்று லோ சிகரம் என்றே வழங்குகிறது. அருகிலுள்ள முனைகள் சில ஆங்கிலேய அரச குடும்பத்தாரின் பெயர்களைத் தாங்கியுள்ளன. லெமாயிங்கின் பெயரோ பானாலாபானில் உள்ள ஒரு தங்குமனைக்கு வைக்கப்பட்டுள்ளது. அதிகாரிக்குச் சிகரம், வழிகாட்டிக்கு விடுதி! லோவின் துணிவை நாம் குறைத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் வழி தெரிந்தவர் ஒருவர் முன்னே நடந்ததால்தான் அவர் துணிவுக்கு ஒரு பாதை கிடைத்தது என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாவிட்டாலும் நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சுமப்போரைக் காண வேண்டும் என்று கூறும்போது அவர்களுக்காக இரங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இரக்கமும் சில நேரங்களில் ஒருவகைக் குருட்டுத்தனமே. அது எதிரில் நிற்பவரின் வறுமையை மட்டும் கண்டு, அவர் திறமையைக் காணத் தவறுகிறது. மலையில் மாறிவரும் வானிலையை முகர்ந்தறிவதும், வழுக்கும் பாறையில் சுமையோடு சமநிலை குலையாமல் நடப்பதும், பயணியின் முகநிறத்தைக் கண்டே அவனுக்கு மூச்சுத்திணறல் வரப்போவதை உணர்வதும் பல ஆண்டுப் பயிற்சியால் வரும் கலைகள். அவை கைவந்தவர்கள் அம்மலையின் புலவர்கள் எனத்தக்கவர்கள். அவர்களுக்கு அம்மலை பொருளீட்டும் களம் மட்டுமன்று. மறைந்த முன்னோரின் ஆவிகள் உறையும் புனித இடமென அவர்கள் மரபு அதனைப் போற்றுகிறது. பானாலாபான் என்னும் இடமே முன்னாளில் ஏறுவோர் மலைக்குப் பலி கொடுத்து வழிபட்ட இடம். தாம் தொழும் ஒன்றின்மேல் பிறரைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்பவர்கள் அவர்கள். அத்தகையோர் நம்மிடம் வேண்டுவது இரக்கம் அன்று, மதிப்பு.

அம்மதிப்புக்கு அவர்கள் எவ்வளவு உரியவர்கள் என்பதை 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் உலகம் அறிந்தது. அன்று காலை 6.0 அளவிலான நிலநடுக்கம் சபாவை உலுக்கியது. கினபாலுவின் பாறைகள் பெயர்ந்து உருண்டன. பதினெண்மர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து சென்றிருந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். அம்மண்ணைச் சேர்ந்த மலை வழிகாட்டிகளும் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறங்க வழியின்றி மலைமீது சிக்கித் தவித்தனர். பாதை அழிந்த நிலையில், பின்னதிர்வுகளுக்கு இடையே, வழிகாட்டிகள் அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தனர். காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தனர். மலையை நன்கறிந்தவர்கள் அவர்கள்; விரைந்து இறங்கித் தம் உயிரைக் காத்துக்கொள்ளும் வழி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆயினும் அவர்கள் அயலாருடன் நின்றனர். கூலிக்காகச் சுமந்த தோள்கள் அன்று கூலியை எண்ணிச் சுமக்கவில்லை. அவர்களும் அன்று ஒரு துன்பத்தை விரும்பியே ஏற்றனர். மேலே நாம் வகுத்த இரு பிரிவுகளின் சுவர் அந்த நாளில் இடிந்து வீழ்ந்தது. சுமப்பவருக்குத் தேர்வு இல்லை என்று நாம் எண்ணியிருந்தோம். உயிருக்கு விலை கேட்கும் நேரத்தில் அவர்களே மிக உயர்ந்த தேர்வைச் செய்து காட்டினர்.

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். விரும்பி ஏற்ற துன்பத்திற்கு அறத்தில் இடம் உண்டா? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருக்குறளில் தவம் என்னும் அதிகாரம் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் வள்ளுவர் தவத்தின் வடிவத்தை இரண்டே கூறுகளில் அடக்குகிறார். தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது ஒரு கூறு. பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பது மற்றொரு கூறு. உண்ணாமை முதலிய நோன்புகளால் தாமே வருவித்துக்கொள்ளும் வருத்தத்தை உரையாசிரியர் முதற்கூற்றில் அடக்குவர். அக்கூற்றோடு வள்ளுவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. தன்னை வருத்திக்கொள்வது மட்டுமே தவமாகிவிடாது. தன் உடலைக் கடுமையாக நடத்துபவன் பிறர் உடலையும் அவ்வாறே நடத்தத் துணிந்துவிடக் கூடும். “நான் தாங்கவில்லையா? அவன் தாங்கினால் என்ன?” என்னும் எண்ணம் அவனுக்கு எளிதில் தோன்றும். அந்நோயைத் தடுக்கும் மருந்தாகவே இரண்டாம் கூறு நிற்கிறது.

இவ்வளவுகோலை மலையேறுபவனுக்குப் பொருத்திப் பார்ப்போம். குளிரையும் மூச்சுத்திணறலையும் பொறுத்து உச்சியை அடைந்தவன் முதற்கூற்றை நிறைவேற்றிவிட்டான். இரண்டாம் கூறு உச்சியில் நிறைவேறுவதில்லை; படிகளில் நிறைவேற வேண்டும். சுமப்பவர் தோளில் ஏற்றும் பையிலிருந்து தேவையற்றவற்றை முன்னரே நீக்கிவிட்டானா? பேசிய கூலியைக் குறைக்க முயலாமல் கொடுத்தானா? வானிலை கெட்டது, திரும்புவோம் என்று வழிகாட்டி சொன்னபோது, செலவிட்ட பணத்தைக் காட்டி அவரை வற்புறுத்தாமல் பணிந்தானா? தன் பிடிவாதத்தால் அவர் உயிருக்கும் ஊறு நேரும் என்பதை நினைத்தானா? ஊர் திரும்பித் தன் பயணத்தைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னானா? இவற்றுக்கு ஆம் என்று விடையளிக்கக் கூடியவன் உச்சியை அடையாமல் திரும்பியிருந்தாலும் மலையேறியவனே. விடையளிக்க இயலாதவன் உச்சியில் நின்று படம் எடுத்திருந்தாலும் உயரத்தை மட்டுமே கண்டவன்.

இவ்வுண்மை நம்மவர்க்குப் புதியதன்று. நம் குடும்ப வரலாற்றிலேயே எழுதப்பட்டிருப்பது. மலாயாவின் மலைச்சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாகவும் ரப்பர்த் தோட்டங்களாகவும் மாற்றிய தமிழர்கள் நாள்தோறும் மலை ஏறியவர்களே. இன்று கேமரன் மலைக்குச் செல்லும் பயணி பச்சைக் கம்பளம் போன்ற சரிவுகளைக் கண்டு மகிழ்கிறான். 1929ஆம் ஆண்டு முதலாக அங்கே பெரிய அளவில் தேயிலை பயிரிடப்பட்டபோது, அச்சரிவுகளில் முதுகுக் கூடையோடு ஏறி இறங்கிய பெண்களின் கால்களை எவரும் அளக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பால் வாளிகளைச் சுமந்து மேடு பள்ளங்களில் நடந்த நம் பாட்டன்மார்க்கு எவரும் சான்றிதழ் வழங்கவில்லை. அவர்கள் ஏறிய உயரங்களையெல்லாம் கூட்டினால் எத்தனை கினபாலு வருமோ! காணப்படாத உழைப்பின் மக்கள் நாம். பிறர் உழைப்பைக் காணாமல் கடந்து செல்வது மற்றவர்க்கு மறதி என்றால், நமக்கு அது நன்றிகேடும் ஆகும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை மனத்திற்கொள்வது நலம். மாணவரை மலைக்கும் காட்டிற்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் நல்ல வழக்கம். சோம்பலை நீக்கி உறுதியை வளர்க்கும் பயிற்சி அது. ஆனால் திரும்பி வந்த மாணவன் எழுதும் கட்டுரை, “நான் மலையை வென்றேன்” என்று முடியுமானால் பாடம் பாதியில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். மலையை எவரும் வெல்வதில்லை. அது நம்மை ஏறவிடுகிறது. சிலர் நமக்கு வழி காட்டுகின்றனர். சிலர் நம் உணவைச் சுமக்கின்றனர். நாம் நம் பங்குக்குக் கால்களை எடுத்து வைக்கிறோம். இவ்வளவும் கூடித்தான் ஓர் ஏற்றம் நிகழ்கிறது. “உன் அரிசியைச் சுமந்தவர் யார்?” என்று அம்மாணவனிடம் ஆசிரியர் ஒரு வினா எழுப்பினால் போதும். அவன் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி பிறந்துவிடும்.

துன்பத்தை விரும்பி ஏற்பது தவறன்று. வசதிகள் பெருகி, உடல் வருத்தமே அரிதாகிவிட்ட நகர வாழ்வில் அது தேவையானதும் ஆகலாம். ஆனால் அத்துன்பம் தனக்கென்று ஒரு பெருமையைச் சேர்த்துக்கொள்ளும் கருவியாக மட்டும் அமைந்தால், அது செல்வர் அணியும் மற்றோர் அணிகலனாகவே முடியும். விரும்பாமலே சுமப்பவரின் வலியை உணரும் வாயிலாக அது அமைந்தால் தவத்தின் நிழலேனும் அதன்மேல் விழும். மலையேற்றத்தின் வலி இரண்டொரு நாளில் ஆறிவிடும். அந்த வலி ஆறியபின்னும், நம் தெருவில் மூட்டை சுமப்பவரையும், அடுக்குமாடிப் படிகளைக் கழுவுபவரையும், கட்டடச் சாரத்தில் ஏறி நிற்பவரையும் காணும்போது நம் தோள் ஒருகணம் தானே கனத்தால், நாம் ஏறியது வீண்போகவில்லை.